வெராக்ரூஸுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? ஊர்க்காரர்கள் கூடும் இடமும் நேரமும்

துறைமுக வேலைக்கோ குழாய்த் தொழிற்சாலைக்கோ மெக்சிகோவின் துறைமுக நகரமான வெராக்ரூஸ் வந்து இறங்கும் நம் ஆட்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி இதுதான்: "அண்ணா, டூரிஸ்ட் இடமெல்லாம் பார்த்தாச்சு, இந்த ஊர்க்காரங்க எங்கதான் போவாங்க?" நானும் வந்த புதிதில் இதையே கேட்டேன். யாருக்கும் தெரியாத ஒரு சந்து, பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை என்று தேடி அலைந்து ஆறேழு மாதம் போனது. இந்த ஊரில் அப்படி ஒளித்துவைத்த இடங்கள் குறைவு. டூரிஸ்ட் போகும் அதே இடத்துக்குத்தான் ஊர்க்காரர்களும் போகிறார்கள், ஆனால் போகிற நேரம் வேறு, போகிற காரணம் வேறு. அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

மலெகோன் என்று சொல்லும் கடற்கரை நடைபாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை 11 மணிக்குப் போனால் சிப்பி மாலை, சாவிக்கொத்து, டீ-ஷர்ட் விற்கிற கடைகள், படகுச் சவாரிக்குக் கூப்பிடுகிறவர்கள், மண்டையைப் பிளக்கிற வெயில். இரவு எட்டரைக்கு மேல் போய்ப் பாருங்கள். பாட்டி, பேரன், தள்ளுவண்டியில் கைக்குழந்தை என்று முழுக் குடும்பமாக வந்து சுவரில் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள், எதுவும் வாங்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. அந்தப் பக்கம் "குவேரோ, குவேரா" என்று கத்திக் கூப்பிடுகிற ஐஸ் கடைகள் உண்டு. வெள்ளைத் தோல்காரரைச் சொல்லும் சொல்தான், ஆனால் அங்கே போகிற வருகிற எல்லாரையும், நம்மையும் சேர்த்து, அப்படித்தான் கூப்பிடுவார்கள், விழிக்க வேண்டாம். 'குவானாபனா' என்று கேளுங்கள், நம் முள்சீத்தாப் பழம்தான் அது.

கம்பெனி வீடு பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் போகா டெல் ரியோ பக்கம்தான் கிடைக்கும். பெயருக்கு வேறு நகராட்சி, கண்ணுக்கு ஒரே ஊர். நல்ல அபார்ட்மென்ட், பக்கத்திலேயே மால், ஏசி. அதில் தவறில்லை, ஆனால் வீடு, ஆபீஸ், மால் என்று மூன்று இடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் ஒரு வருடம் ஆனாலும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது சென்ட்ரோவுக்கு, அதாவது பழைய ஊருக்குள், போங்கள். பஸ்ஸின் முன்கண்ணாடியில் போகும் இடங்களை எழுதி வைத்திருப்பார்கள், 'சென்ட்ரோ' என்று பார்த்து ஏறினால் சரி. டாக்ஸியில் மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன்பே எவ்வளவு என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் காபி. இதை நான் கொஞ்சம் நீளமாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகு எனக்கு முதன்முதலில் மனசு நிறைந்தது இங்கேதான். மலெகோனில் 'கிரான் கஃபே தெ லா பரோகியா' என்று ஒரு பெரிய காபி ஹால், 1808-ல் தொடங்கியது என்பார்கள். எல்லா வழிகாட்டியிலும் இருக்கிற இடம்தான். ஆனால் காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் ரிட்டயரான பெரியவர்கள், வக்கீல்கள், துறைமுகத்து ஆட்கள், நாளிதழ் விரித்த மேஜைகள், ஒரே இரைச்சல். 'லெச்செரோ' கேளுங்கள். கண்ணாடி டம்ளரில் கால் பங்குக்குக் கெட்டியான கருப்புக் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பால் வராது. ஸ்பூனை எடுத்து டம்ளரில் டிங் டிங் என்று தட்ட வேண்டும், அப்போது கெட்டிலோடு ஒருவர் வந்து, கையை உயரத் தூக்கி, சூடான பாலை நுரை பொங்க ஊற்றுவார். டிக்காக்‌ஷனில் பாலை ஆற்றி ஊற்றிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த மாநிலத்தின் மலைப்பகுதியிலேயே, கோத்தெபெக் பக்கம், நல்ல காபி விளைகிறது. அரைத்த பொடியைக் கடைகளில் வாங்கி நம் பில்டரில் போட்டாலும் இறங்குகிறது, கொஞ்சம் சன்னமாக அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

ஒரு லெச்செரோவோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். பில்லும் தானாக வராது, நீங்கள் கேட்கும்வரை கொண்டுவந்து வைப்பது மரியாதை இல்லை என்று நினைப்பார்கள். "லா குவென்தா, போர் ஃபவோர்" என்று கேட்டு வாங்க வேண்டும். டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஃபோண்டாவைத் தேடுங்கள். ஃபோண்டா என்றால் நம்ம ஊர் மெஸ்தான், வேறு விளக்கமே வேண்டாம். ஒரு அம்மா, இரண்டு மூன்று உதவியாட்கள், ஆறேழு மேஜை, கரும்பலகையில் அன்றைய சமையல். 'கொமீதா கொரீதா' என்று சொன்னால் சூப், சாதம், ஒரு குழம்போ வறுவலோ, தொர்த்தீயா என்ற சோள ரொட்டி, குடிக்க ஒரு பெரிய டம்ளர் பழத்தண்ணீர் எல்லாம் ஒரே விலையில் வரிசையாக வரும். நேரம் இரண்டிலிருந்து நாலு மணி. பன்னிரண்டரைக்குப் போனால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும், நாலரைக்குப் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். உள்ளே நுழையும்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிற எல்லாரையும் பார்த்து "புவெனாஸ் தார்தெஸ்", மதிய வணக்கம், என்றும், எழுந்து போகும்போது பக்கத்து மேஜையைப் பார்த்து "ப்ரோவேச்சோ" என்றும் சொல்லுங்கள். "ப்ரோவேச்சோ"வுக்கு நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். முன்பின் தெரியாதவர்களும் சொல்லிக்கொள்வார்கள். நான் ஸ்பானிஷில் வேறொன்றும் தெரியாத காலத்தில் இந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் ஊருக்குள் அறிமுகமானேன். ஒரே ஃபோண்டாவுக்கு ஒரே நேரத்தில் பத்து நாள் போங்கள், பதினோராம் நாள் நீங்கள் வரவில்லை என்றால் மறுநாள் ஏன் என்று கேட்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். "நோ கோமோ கார்னே", நான் இறைச்சி சாப்பிட மாட்டேன், என்று மட்டும் சொன்னால் கோழியும் மீனும் ஹாமும் வந்து சேரும், ஏனென்றால் இங்கே 'கார்னே' என்றால் பலருக்கு மாடும் பன்றியும்தான். "நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்" என்று கோழி, மீன், ஹாம் மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் போதாது. கருப்பு பீன்ஸைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள், அதன் பெயர் மந்தேகா. சாதத்தைக் கோழி வேகவைத்த தண்ணீரில் வடிக்கிற வழக்கமும் உண்டு. என் மனைவி முழுச் சைவம், ஒன்றரை மாதம் பீன்ஸை நம்பிச் சாப்பிட்ட பிறகுதான் இது தெரிந்து மிகவும் வருத்தப்பட்டாள். "சின் மந்தேகா?", பன்றிக் கொழுப்பு இல்லாமலா, என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள், கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள், தனியாக எண்ணெயில் செய்தும் தருவார்கள். பெரிய நேந்திரம்பழம் மாதிரி வாழைப்பழத்தை வறுத்து மேலே க்ரீம் ஊற்றித் தருவதும், வெல்லமும் சோம்பும் சேர்த்த மாவைப் பொரித்துப் பூரி மாதிரி உப்பவைக்கிற 'கோர்தா தெ துல்செ'யும் அவளுக்கு இப்போது வாராந்திரப் பழக்கம். அதிலும் எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கம். நகர மையத்தில் மெர்காதோ இதால்கோ என்ற சந்தைக்குள் போனால் சின்னச் சின்னச் சமையல் கடைகள். 'மினீயா' கேளுங்கள், மீனை உதிர்த்து வெங்காயம் தக்காளி ஆலிவ் போட்டு வதக்கியது, சுறாப்புட்டு தின்ற நாக்குக்கு உடனே பிடிபடும். 'சில்பச்சோலே தெ ஹைபா' என்பது நண்டு ரசம் என்றே சொல்லலாம், புகையில் உலர்த்திய மிளகாயின் காரம் இருக்கும். சளி பிடித்தால் நான் இதைத்தான் தேடிப் போவேன். காலையில் தெருவில் பாட்டு மாதிரி இழுத்துக் கூவிக்கொண்டு 'வொலோவான்' விற்பவர் வருவார், நம் பேக்கரி பப்ஸ் போன்றது, உள்ளே நண்டோ டூனாவோ அன்னாசியோ இருக்கும்.

மாலை நேரத்துக்கு வருகிறேன். ஞாயிறு சாயங்காலம் பார்கே சமோரா என்ற பூங்காவுக்குப் போங்கள், சந்தையிலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே தான்சோன் ஆடுவார்கள். 1879-ல் கியூபாவின் மதான்சாஸில் பிறந்த நடனம், கடல் தாண்டி இந்தத் துறைமுகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது. ஆடுகிறவர்களில் பாதிப் பேர் எழுபது வயதுக்காரர்கள். பெரியவர்கள் வெள்ளைச் சட்டை, தேய்த்த பேன்ட், அம்மாக்கள் கையில் விசிறி. இசை நடுவில் ஒரு கட்டத்தில் எல்லா ஜோடியும் சட்டென்று ஆட்டத்தை நிறுத்தி நிமிர்ந்து நிற்பார்கள், விசிறிக்கொள்வார்கள், இசைக்குழுவைப் பார்ப்பார்கள், மறுபடி சரியான தாளத்தில் அடி எடுத்து வைப்பார்கள். தவறி நின்றுவிட்டார்களோ என்று முதல் நாள் நினைத்தேன். நிற்பதும் நடனத்தில் ஒரு பகுதி. ஊர் நடுவில் சோகலோ சதுக்கத்திலும் வாரத்தில் சில மாலைகள் இதே ஆட்டம் உண்டு, அங்கே கூட்டம் அதிகம், மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியம் வாசிக்கிறவர்களும் மேஜை மேஜையாக வருவார்கள். எனக்கு சமோராதான் பிடிக்கும். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வாரம் பார்த்தால் மூன்றாம் வாரம் யாராவது ஒரு பாட்டி வந்து கையை நீட்டுவார். தயங்காமல் எழுந்து போங்கள், அடி எண்ணச் சொல்லித்தருவார்.

பார்கேவுக்குத் தெற்கே லா வாக்கா என்ற பழைய குடியிருப்பு. மரப்பலகை வீடுகள், பொது முற்றம், வாசலில் நாற்காலி. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தடம் பதிந்த பகுதி, மெக்சிகோ முழுக்கப் புகழ்பெற்ற பாடகி தோன்யா லா நெக்ரா 1912-ல் பிறந்தது இங்கேதான். இது மனிதர்கள் வாழ்கிற தெரு, காட்சிக்கூடம் இல்லை. பகலில் போங்கள், கேமராவை உள்ளே வைத்துவிட்டு வாசலில் இருப்பவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு நடங்கள். முதல் தடவை ஊர் நண்பர் ஒருவரோடு போவது நல்லது. பொதுவாகவே இரவு நேரத்தில் தெரியாத பகுதிக்குப் போவதற்கு முன் ஆபீஸில் உள்ளூர் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எந்தத் தெரு எந்த நேரத்துக்குச் சரி என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கிரிக்கெட் இல்லாமல் கை ஊறுகிறவர்களுக்குப் பேஸ்பால் இருக்கிறது. உள்ளூர் அணி எல் ஆகிலா, கழுகு என்று பொருள், ஏப்ரலில் சீசன் தொடங்கும். போகா டெல் ரியோவில் இருக்கிற மைதானத்துக்கு பெத்தோ ஆவிலாவின் பெயர். 1954-ல் அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் போட்டித்தொடரான அமெரிக்கன் லீகின் சிறந்த பேட்டர் பட்டம் வாங்கிய இந்த ஊர்ப் பிள்ளை. விதி புரியாவிட்டால் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேளுங்கள், ஒன்பது இன்னிங்ஸும் விளக்கிக்கொண்டே வருவார். என் முதல் உள்ளூர் நண்பர் அப்படிக் கிடைத்தவர்தான்.

விடுமுறை நாளில் மந்திங்கா காயலுக்குப் போகலாம், தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு அலையாத்திக் காட்டுக்குள் படகு போகிற அந்த அமைதி தெரியும், இங்கேயும் அதேதான். கரையில் கூரை போட்ட மீன் சாப்பாட்டுக் கடைகள். ஞாயிறு மதியம் குடும்பங்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடும். ஹரானா என்ற சின்ன கிட்டாரும் யாழும் வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் மேஜைக்கு வருவார்கள், ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று காசு, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டு நடுவில் உங்களைப் பற்றியே அந்த இடத்தில் இரண்டு வரி கட்டிப் பாடுவார்கள், அதற்காகவே ஒரு தடவை பாடச் சொல்லலாம்.

ஒன்று எச்சரிக்கிறேன். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அடிக்கடி 'நோர்த்தே' அடிக்கும். வடக்கிலிருந்து வருகிற காற்று, பலமான நாளில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும், மணல் முகத்தில் குத்தும். முந்தின நாள் தெற்கிலிருந்து ஒரு புழுக்கக் காற்று வீசினாலே ஊர்க்காரர்கள் நாளைக்கு நோர்த்தே என்று சொல்லிவிடுவார்கள். அன்று மலெகோனில் ஈ காக்கை இருக்காது, துணி உலர்த்தாதீர்கள், ஜன்னலைச் சாத்துங்கள். ஆனால் காபி ஹால் நிரம்பி வழியும். டாமினோ ஆடுகிற மேஜைகளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். வீட்டுக்குள் முடங்காமல் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அங்கே போய்விடுங்கள்.

மே, ஜூனில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், மாம்பழக் காலம். இங்கே விளைகிற வகைக்கு மணிலா என்று பெயர், பிலிப்பைன்ஸிலிருந்து ஸ்பானியக் கப்பலில் வந்தது, நார் குறைவு, மணம் அள்ளும். சந்தையில் பழக்கார அம்மா "பாரா ஓய் ஓ பாரா மன்யானா?" என்று கேட்பார், இன்றைக்குச் சாப்பிடவா நாளைக்கா என்று. விரலால் அமுக்கிப் பார்க்காதீர்கள், அவர்களுக்குப் பிடிக்காது. "பாரா ஓய்" என்று மட்டும் சொல்லுங்கள், அவரே பார்த்துப் பொறுக்கிப் போடுவார்.