திருவிழாவில் ஒற்றுமையை நிற்கவைத்துப் படம் எடுக்காதீர்கள்

பாலக்காட்டுக் கல்பாத்தித் தேருக்குச் சென்ற ஆண்டு என்னோடு வந்த நான்கு இளைஞர்கள், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே ஒன்றுவிடாமல் செய்தார்கள். பேட்டரி, மெமரி கார்டு சங்கதிகளை இரண்டு திருவிழாக்களே கற்றுக்கொடுத்துவிடும். ஆகவே, படத்தையும் படத்தில் இருப்பவர்களின் மனத்தையும் சேர்த்துக் கெடுக்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உச்ச நேரத்துக்கு மட்டும் வந்து சேர்வது

ஐப்பசிக் கடைசியில், மூன்றாம் நாள் அந்தியில் தேர்கள் தேர்முட்டியில் ஒன்றுகூடும்போது கல்பாத்தியில் கேமரா இல்லாத கையே இருக்காது. அந்தப் படம் எல்லோரிடமும் இருக்கிறது. அதற்கு முந்தைய மணிகளில், முன்னால் ஊரார் வடம் பிடிக்க, பின்னால் யானை நெற்றியை வைத்துத் தேரைத் தள்ள, முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே நகர்ந்துகொண்டிருப்பார். ஒரு ஊர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்வது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒற்றுமையை நிற்கவைப்பது

விபூதி நெற்றியையும் தொப்பியையும் சிலுவையையும் ஒரே சட்டகத்துக்குள் வரவழைத்து, கைகோக்கச் சொல்லி எடுக்கும் படத்தைச் சொல்கிறேன். இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அதன் விலையை நான் கொடுத்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டிய ஓர் ஊரில் மாரியம்மன் பொங்கல். அன்னதானத்துக்கு வேண்டிய அண்டாக்களை அங்கே ஒரு ராவுத்தர் பெரியவர் ஆண்டுதோறும் வாடகை வாங்காமல் கொடுத்துவந்தார். பாலக்காட்டு ராவுத்தர்கள் வீட்டிலும் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால், சமையற்கட்டில் அவரை வேற்றாளாக யாரும் நினைத்ததே இல்லை. விடியற்காலையில் வந்து, ஒவ்வோர் அண்டாவிலும் தண்ணீர் ஊற்றி, அடியில் விரல்முட்டியால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டு, ஒழுகாது என்று தெரிந்த பிறகே அடுப்பில் ஏற்ற விடுவார். பக்கத்தில் அரிவாள்மனைகளோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களில் ஒருவர் அரசாணிக்காய் என்றார், மற்றவர் மத்தன் என்றார். இருவரும் ஒரே காயைத்தான் அரிந்துகொண்டிருந்தார்கள். நான் எடுத்திருக்க வேண்டிய படங்கள் எல்லாம் அந்த ஒரு கூரைக்குக் கீழே இருந்தன.

நான் அவற்றை எடுக்கவில்லை. பெரியவரையும் பூசாரியையும் வெளியே அழைத்துவந்து, கோயிலுக்கு முன் நிறுத்தி, கைகுலுக்கச் சொன்னேன். பெரியவர் வெறுந்தலையோடு இருந்ததால், பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று தொப்பி போட்டுக்கொள்ளவும் சொன்னேன். "தம்பி, முப்பது வருசமா அண்டா குடுக்கறேன், யாரும் என் தலையப் பாத்து வாங்குனதில்லயே" என்றார். ஆனாலும் நான் கேட்டுக்கொண்டதற்காகப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். படம் பாராட்டுப் பெற்றது. அதைப் பார்த்தவர்கள் அவர் பக்கமும் பூசாரி பக்கமும் கேட்ட கேள்விகள், அதுவரை அந்த ஊரில் யாரும் கேட்காதவை. அடுத்த பொங்கலுக்கு அண்டாக்கள் வந்தன. ஒரு பையன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். பெரியவர் சமையற்கட்டுக்கு வரவில்லை, அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை.

பல சாதியும் பல மதமும் இரண்டு மொழியும் புழங்கும் எல்லை ஊர்களில், ஒருவர் இன்னார் என்பதை நினைக்காமல் இருப்பதுதான் சேர்ந்து வாழும் பழக்கம். அந்த நினைப்பைக் கேமரா உண்டாக்கிவிட்டால் பிறகு அழிக்க முடியாது. ஆகவே யாரையும் இடம் மாற்றாதீர்கள், எதையும் அணியச் சொல்லாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் கேமராவைத் தோளிலேயே விட்டுவிட்டு வெங்காயம் உரியுங்கள். அதன் பிறகு 35 மி.மீ. லென்ஸ் போதும், ஒற்றைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றி, ஷட்டரை வினாடியில் 125-இல் ஒரு பங்குக்குக் கீழே இறக்காமல் எடுத்தால், கைகள் நடுங்காமல் விழும். படத்தில் கொஞ்சம் மணல்மணலாகத் தெரிந்தால் தெரியட்டும்.

ஃப்ளாஷ்

யானை நிற்கும் இடத்தில் கூடவே கூடாது.

முறை தெரியாமல் குறிப்பு எழுதுவது

சபரிமலை செல்லும் வழியில் ஐயப்ப பக்தர்கள் ஆடிச் செல்லும் எருமேலிப் பேட்டைதுள்ளலில் "ஐயப்ப பக்தர்கள் அனைவரும் மசூதிக்குள் செல்கிறார்கள்" என்று பலர் எழுதுகிறார்கள். வானத்தில் கிருஷ்ணப்பருந்து தெரிந்ததும் முதலில் புறப்படும் அம்பலப்புழைக் கூட்டமே, ஐயப்பனின் முஸ்லிம் தோழரான வாவரின் பள்ளிவாசலுக்குள் செல்கிறது. பகலில் நட்சத்திரம் கண்டு பிறகு கிளம்பும் ஆலங்காட்டுக் கூட்டம் உள்ளே செல்வதில்லை, ஏனென்றால் வாவர் அம்பலப்புழைக்காரர்களோடு போய்விட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. இது வாவரை ஒதுக்குவது ஆகாது. அவர் உடன் நடந்துபோகிறார் என்று நம்புவதால் வந்த முறை. இதை அறியாதவர், உள்ளே போகாத கூட்டத்தைப் படம் பிடித்துப் பிளவு என்று எழுதிவிடக்கூடும். எழுதுவதற்கு முன் அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

கோயிலை மட்டும் எடுப்பது

குமுளிக்கு மேலே உள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் சித்திரா பௌர்ணமி அன்று ஒரு நாள்தான் பக்தர்களுக்குத் திறக்கிறது. தமிழகப் பக்கத்துப் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறியவர்களும் கேரளப் பக்கத்துக் குமுளியிலிருந்து ஜீப்பில் வந்தவர்களும் அங்கே ஒன்றுகலந்து நிற்கும்போது, புதியவர்கள் இடிந்த கற்சுவர்களையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ட்ரோன்

அனுமதி இல்லாமல் வேண்டாம். மங்கலதேவி இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்.

படத்தின் பிரதி தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் இருப்பது

சொல்லியிருந்தால், அடுத்த திருவிழாவுக்குக் கொடியேறும் முன்பே அச்சிட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.