வேரைக் குடைந்து போஸ்ட் போடாதீர்கள்

போன மாதம், புதிதாகப் படித்து வந்த தம்பி ஒருவர் என் கிளினிக்கில் கூட நின்று பழகினார். வேர்ச் சிகிச்சை முடிந்த பல்லுக்கு வார்ப்பு போஸ்ட், அதாவது வேருக்குள் இறக்கி ஒட்டும் உலோகத் தண்டு, செய்ய வேண்டும். தட்டில் இருந்ததிலேயே தடித்த றீமரைத்தான் (வேரைக் குடையும் கருவி) அவர் முதலில் எடுத்தார். இருபது வருடத்துக்கு முன் நானும் அதைத்தான் எடுத்தேன். போஸ்ட் போடுகையில் நாங்கள் விடும் பிழைகள் சிலவற்றைச் சொல்கிறேன். எக்ஸ்ரே பார்க்காமல் இறங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் யாருக்கும் தெரியும்.

வேரை அகலமாக்குவது

போஸ்ட் பல்லுக்குப் பலம் தரும் என்று நினைப்பதால் வரும் வினை இது. தராது. உடைந்துபோன பல்லுக்குப் பதிலாக மேலே கட்டும் கோர் கழன்று விழாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. பலமெல்லாம் மிஞ்சியிருக்கும் டென்ரினில், அதாவது பல்லின் சொந்த உடம்பில். அதைக் குடைந்தெறிந்துவிட்டு உலோகத்தை இறக்கினால், டென்ரினைவிடப் பல மடங்கு விறைத்த அந்த உலோகம், ஒவ்வொரு கடிக்கும் ஆப்புப் போல வேரைப் பிளக்கப் பார்க்கும்.

சாவகச்சேரியில் இருந்து வந்த ஒரு ஐயாவுக்கு மேல் முன்கடைவாய்ப் பல்லில் நான் அப்படித்தான் செய்தேன். வார்ப்பு அச்சொட்டாகப் பொருந்தியது, எனக்கு ஒரே பெருமை. நாலு வருடம் கழித்து வந்தார். "டொக்டர், புழுக்கொடியல் கடிச்சனான், கடக்கெண்டு ஒரு சத்தம்." ஈறில் சின்னக் கொப்புளம். ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் அளவுக்கம்பியை விட்டு ஆழம் பார்த்தேன்: சுற்றிவர 2 மில்லிமீற்றர், ஓரிடத்தில் மட்டும் 9. வேர் நெடுக்காக வெடித்திருந்தது. பிடுங்கியபோது இரண்டு பாதியாக வந்தது. போஸ்டில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. "காசு குடுத்த சாமான் தானே, அதைத் தருவியளோ?" என்றார். உறையில் போட்டுக் கொடுத்தேன்.

போஸ்ட் கழன்றால் திரும்ப ஒட்டலாம். வேர் பிளந்தால் பிடுங்குவதுதான். போஸ்டின் தடிப்பு வேரின் அகலத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. அதிலும் இது அந்தந்த வேருக்கென்றே வார்ப்பது. வேர்ச் சிகிச்சையில் கிடைத்த வடிவமே அநேகமாகப் போதும். அளவெடுத்துச் சட்டை தைக்கிறவன் உடம்பையா வெட்டுவான்?

பூண் இல்லாமல் கிறவுண் போடுவது

உலக்கைக்குப் பூண் எதற்கோ, அதற்குத்தான் இதுவும். ஈறுக்கு மேலே சுற்றிவர 2 மில்லிமீற்றராவது நல்ல பல் இருந்து, அதைக் கிறவுண், அதாவது பல்லுக்கு மேல் போடும் மூடி, இறுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஈறை இறக்கியோ பல்லை வெளியே இழுத்தோ அந்த உயரத்தை எடுங்கள். அதுவும் முடியாதென்றால், இந்தப் பல் நிலைக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காசு வாங்கிய பிறகு சொல்வது கஷ்டம்.

கட்டாபேர்ச்சாவை அடிவரை தோண்டுவது

வேர்ச் சிகிச்சையில் வேருக்குள் அடைத்த ரப்பர் போன்ற பொருள் அது. வேர் நுனியில் அதை 4–5 மில்லிமீற்றர் விடுங்கள்.

இறங்காத வார்ப்பைத் தட்டி இறக்குவது

கூடாது. வார்ப்பில் தடுக்கிற உலோகக் குமிழைத் தேடி உரசி எடுங்கள்.

நாள் கடத்துவது

தற்காலிக அடைப்பு கசியும். எச்சில் உள்ளே போனால் வேர்ச் சிகிச்சையையே திரும்பச் செய்ய வேண்டி வரும். லாபில் இருந்து வார்ப்பு வந்ததும் நீங்களே ஃபோன் எடுத்துக் கூப்பிடுங்கள். நல்லூர்க் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் ஆளைப் பிடிக்க முடியாது, அதற்கு முன்னமே ஒட்டிவிடுங்கள்.