செல் செத்தது சரி, எப்படிச் செத்தது?

சால்மொனெல்லா, ஷிகெல்லா போன்ற பாக்டீரியாக்களை மேக்ரோபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) மேல் விட்டு, அவை சாவதை அளக்க வரும் புது மாணவர்கள், எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். கிருமிநீக்கம் சரியில்லை, குழாய் மாறிப்போச்சு என்பதெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நாளில் தானே சரியாகிவிடும்.

அனெக்சின் ஒளிர்ந்தாலே அப்போப்டோசிஸ் என்று எழுதுவது

அப்போப்டோசிஸ் என்பது செல் தானே திட்டமிட்டுச் சாவது; அனெக்சின் வி அதைக் காட்டப் பயன்படுத்தும் ஒளிரும் குறி. இந்தத் தலைப்பில் உள்ள பிழையைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒரு மாணவி வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தார். சால்மொனெல்லா சேர்த்து 1 மணி நேரம்தான் ஆகியிருந்தது. செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பெரும்பாலான செல்கள் மேல் வலது மூலையில் கிடந்தன: அனெக்சின் வி ஒட்டியிருக்கிறது, சவ்வு சேதமான செல்லுக்குள் மட்டும் நுழையும் புரோப்பிடியம் அயோடைடு சாயமும் உள்ளே போயிருக்கிறது. பக்கத்தில் அழகாக ‘பிந்தைய அப்போப்டோசிஸ்’ என்று எழுதியிருந்தார். அதை நம்பி, அப்போப்டோசிஸை நடத்தும் காஸ்பேஸ் 3 என்ற நொதிக்கான தடுப்பான்களை வாங்கி மாதக்கணக்கில் போட்டுப் பார்த்திருக்கிறார். செல்கள் பிழைக்கவே இல்லை. எப்படிப் பிழைக்கும்?

அப்போப்டோசிஸில் செல் சுருங்கி, துண்டு துண்டாகப் பிரிந்து, சத்தமில்லாமல் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு இரையாகும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். இங்கே நடந்தது பைரோப்டோசிஸ், அதாவது செல் வெடித்து அழற்சியைக் கிளப்பும் சாவு. பாக்டீரியாவின் ஃப்ளாஜெலின் புரதம் செல்லுக்குள் கசிந்ததும் இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டமைப்பு கூடுகிறது. அது காஸ்பேஸ் 1-ஐ எழுப்ப, காஸ்பேஸ் 1 காஸ்டெர்மின் டி என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் செல்சவ்வில் துளை போடுகின்றன. அந்தத் துளை வழியே ஐஎல்-1 பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் வெளியேறி அழற்சியைக் கிளப்பும். செல் ஊதும், கடைசியில் நிஞ்ச் 1 என்ற புரதம் சவ்வையே கிழித்துவிடும்.

அனெக்சின் தேடுவது பாஸ்பாட்டிடைல்செரின் என்ற கொழுப்பை. அது வழக்கமாகச் சவ்வின் உட்பக்கம் இருக்கும். அப்போப்டோசிஸில் வெளிப்பக்கம் புரளும், உண்மைதான். ஆனால் சவ்வு கிழிந்த செல்லில் அனெக்சினே உள்ளே போய் ஒட்டிக்கொள்ளுமே! டிஎன்ஏ உடைந்திருப்பதைக் காட்டும் டனல் சோதனையும் காப்பாற்றாது. இரண்டு சாவிலும் அது நேர்மறையாக வரும்.

1992-இல் ஷிகெல்லா மேக்ரோபேஜைக் கொல்வதை விவரித்தவர்களும் அப்போப்டோசிஸ் என்றுதான் எழுதினார்கள். பைரோப்டோசிஸ் என்ற பெயரே 2001-இல்தான் வந்தது. காஸ்டெர்மின் டி-யின் வேலை தெரிந்தது 2015-இல். அவர்களுக்குச் சாக்கு இருந்தது. நமக்கு இல்லை.

என்ன செய்யலாம்? முதலில் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். சுருங்கிய செல்லும் ஊதிய செல்லும் கண்ணுக்கே தெரியும். அப்புறம் குறிப்பிட்ட புரதத்தைக் கண்டுபிடிக்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் வெட்டுப்பட்ட காஸ்டெர்மின் டி, வெட்டுப்பட்ட காஸ்பேஸ் 3 இரண்டையும் தேடுங்கள். இரண்டும் தெரிந்தால் பதற வேண்டாம். யெர்சினியா என்ற பாக்டீரியாவின் யாப்ஜே புரதம், செல்லின் டாக் 1 நொதியை முடக்கும்போது காஸ்பேஸ் 8 எழுந்து காஸ்டெர்மின் டி-யையும் வெட்டும். பாதைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

இரவு முழுக்க வளர்ந்த பாக்டீரியாவை அப்படியே ஊற்றுவது

சால்மொனெல்லா சுறுசுறுப்பாகப் பெருகும் கட்டத்தில்தான் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தும் ஊசிபோன்ற சுரப்பு அமைப்பையும் ஃப்ளாஜெலினையும் நன்றாகத் தயாரிக்கும். காலையில் புது ஊடகத்துக்கு மாற்றி, சில மணி நேரம் வளரவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் ‘போன வாரம் செத்துச்சு, இந்த வாரம் சாகலை’ என்ற புலம்பல்தான்.

எம்டிடி சோதனை

உயிருள்ள செல்கள் ஒரு சாயத்தை நிறம் மாற்றுவதை வைத்துப் பிழைத்தவற்றை அளக்கும் சோதனை இது. ஆனால் உயிருள்ள பாக்டீரியாவும் அந்தச் சாயத்தை நிறம் மாற்றும். வேண்டாம்.

சீரத்தோடு எல்டிஹெச் அளப்பது

எல்டிஹெச், சவ்வு கிழிந்த செல்லிலிருந்து வெளியே கசியும் நொதி. ஆனால் ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலேயே எல்டிஹெச் உண்டு. வெறும் ஊடகத்தை அளந்து கழியுங்கள்.

பழைய காஸ்பேஸ் 1 எலிகளை நம்புவது

காஸ்பேஸ் 1 மரபணுவை நீக்கிய அந்த எலிகளை உருவாக்கிய 129 என்ற எலி வகையில், பைரோப்டோசிஸைத் தூண்டக்கூடிய இன்னொரு நொதியான காஸ்பேஸ் 11-ம் பழுதாகியிருந்தது 2011-இல்தான் வெளியே வந்தது. அதற்கு முந்தைய கட்டுரையில் ‘காஸ்பேஸ் 1 இல்லாவிட்டால் செல் பிழைக்கிறது’ என்று படித்தால், இரண்டில் எது இல்லாததால் பிழைத்தது என்று கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.