அண்டிப்பருப்பு: பிளவு வாங்கி வீட்டில் வறுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) வாங்கினால், வறுத்து உப்பு போட்ட முழுப்பருப்பு பாக்கெட்டை விட்டுவிட்டு உப்பில்லாத, வறுக்காத பிளவையோ (இரண்டாகப் பிளந்தது) துண்டையோ (உடைந்தது) வாங்கி வீட்டில் வறுத்துக்கொள்ளுங்கள். முழுப்பருப்புக்குக் கொடுக்கும் கூடுதல் காசு அழகுக்குத்தான், சத்துக்கு இல்லை. எதை எடுத்தாலும் 100 கிராமில் சுமார் 550 கலோரி, 18 கிராம் புரதம், 44 கிராம் கொழுப்பு. மாறுவது சோடியம்: வறுக்காத பருப்பில் 12 மில்லிகிராம் போல இருப்பது, உப்பு போட்டதில் பல மடங்கு ஏறிவிடும்.

கால் கிலோவை அடிகனமான சட்டியில் சிறு தீயில் கைவிடாமல் கிளறி, ஓரம் லேசாகச் சிவந்ததும் இறக்குங்கள். சட்டிச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் சிவக்கும். அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுப் புரட்டி, மாவாகப் பொடித்த உப்பு கால் ஸ்பூன் தூவுங்கள். பரல் உப்பு (கல் உப்பு) என்றால் உதிர்ந்து அடியில் தங்கிவிடும். பொடி ஒட்டிக்கொண்டு நாக்கில் உடனே கரையும், அதனால் குறைவாகவே போதும்.

பாக்கெட்தான் வேண்டும் என்றால், பின்னால் போட்டிருக்கும் சோடியத்தை 2.5-ஆல் பெருக்குங்கள், உப்பு எவ்வளவு என்று தெரியும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வதே 5 கிராமுக்குக் கீழேதான்.

மாதக்கணக்கில் வைக்கவோ வெளிநாட்டுக்குக் கொடுத்துவிடவோ பிளவும் துண்டும் சரிவராது. துண்டில் காற்று அதிகம் படும், சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். அதற்கு முழுப்பருப்புதான்.