இதயமாற்றுக்குப் பின் புற்றுநோய் அறிகுறிகளை வீட்டில் கவனிப்பது எப்படி?

இதயமாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் எடுக்கும் டக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் முதலிய குளிசைகள், புதிய இதயத்தை உடல் நிராகரிக்காதபடி நோயெதிர்ப்பைத் தாழ்த்தி வைக்கின்றன. முளைவிடும் புற்றுக் கலங்களை அழிப்பதிலும் அதே நோயெதிர்ப்புக்குப் பங்குண்டு என்பதால், ஆண்டுகள் செல்லச் செல்ல இவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. இதற்குப் பயந்து குளிசையைத் தாமாகக் குறைப்பவர் இதயத்தையே இழக்க நேரிடும். அளவை மாற்றுவதோ, தேவையானால் சிரோலிமஸ் போன்ற வேறொன்றைத் தருவதோ கிளினிக் வைத்தியரின் பொறுப்பு.

வீட்டார் செய்யவேண்டியது, மாதம் ஒரு நாள் ஒதுக்கி உடலைப் பார்ப்பது. யாழ்ப்பாணத்தில் வாயிலிருந்து தொடங்குவதே சரி என்பேன். இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். காலை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட்டு, கன்னத்தின் உட்புறத்தை விரலால் விலக்கிப் பார்க்கவேண்டும். நாக்கின் நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இருபுறமும் திருப்பி ஓரங்களையும், பின்பு நாக்கை உயர்த்தி அடிப்பகுதியையும் பார்க்கவேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் முன்போல் அகலத் திறவாமை ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். "புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தானே" என்பது கலியாண வீட்டு வெற்றிலைத் தட்டத்தின் முன் வழக்கமாகக் கேட்கும் சமாதானம். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கவல்லது. சுருட்டையும் சிகரெட்டையும் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

அடுத்தது தோல். வெங்காயத் தோட்டத்துக்கு இறைப்பவர் வெயில் ஏறுமுன் வேலையை முடித்து, முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிவது நல்லது. நோயெதிர்ப்பைத் தாழ்த்தும் இன்னொரு குளிசையான அசதயோபிரின் எடுப்பவரின் தோலை வெயில் இன்னும் எளிதில் தாக்கும். ஆனால் எங்களைப் போன்ற கருநிறத் தோலில் புற்று வெயில் படாத இடங்களிலும் வருமாதலால், உள்ளங்கால், நகத்தின் அடி, பிறப்புறுப்பு ஆகியவற்றைக் கூச்சப்படாமல் பார்க்கவேண்டும். காலைக் கழுவியபின் பாருங்கள். செம்மண் ஒட்டிய பாதத்தில் முள்ளுக் குத்திய தழும்பும் புதுக் கட்டியும் ஒன்றுபோலத்தான் தோன்றும். பெண்கள் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

கழுத்து, கக்கம், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் கழலை (நிணநீர்க் கணு) வீங்கியிருக்கிறதா என்று விரல்களால் தடவிப் பார்ப்பது கடைசி. எப்ஸ்டைன்-பார் வைரசுடன் தொடர்புடைய நிணநீர்ப் புற்றுநோய், மாற்றுச் சிகிச்சைக்குப் பின் முதலாவது ஆண்டிலேயே வரக்கூடும். கழலையோடு காய்ச்சல், இரவு வியர்வை, காரணமற்ற மெலிவு சேர்ந்தால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் சென்று, இதயமாற்றுச் செய்தவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, குளிசைகளின் பட்டியலையும் காட்டவேண்டும்.