கோல விரிப்பு நெசவு: இரண்டு பாதிகள் சேராமல் போவது ஏன்?

தறியில் இருக்கும்வரை எல்லாக் கட்டில் விரிப்பும் அழகுதான். இறக்கி, இரண்டு பாதிகளையும் தரையில் ஒட்டிப் போட்டுப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பழைய கோல விரிப்புகளில் பல, இரண்டு துண்டாக நெய்து நடுவில் தைத்தவை. கையால் நாடா (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை) எறிகிறவருக்கு எட்டும் அகலம் அவ்வளவுதான். நான் சொல்வது, நான்கு விழுதுச் சட்டத் தறியில் (பாவு எனும் நீளவாட்டு நூல்களைக் கோர்த்துத் தூக்கும் சட்டங்கள் நான்கு), ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னும் மெல்லிய வெற்று நெசவின்மேல் தடித்த கம்பளி ஊடை (குறுக்கு நூல்) தாவித் தாவிக் கோலம் போடும் வகையை. இதில் முக்கால்வாசித் தவறுகள் நாடா ஓடுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

கரையை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டின் இரு ஓரத்திலும் கரை வரும்படி பாவு நூலைக் கோர்த்துவிட்டால், தைத்தபின் கட்டிலின் நடுவே இரட்டைக் கரை ஓடும். நானும் செய்திருக்கிறேன். வேண்டுமென்றே வைத்ததாகச் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. கரை வெளியோரத்தில் மட்டும் வர வேண்டும். தையல் வரும் ஓரத்தில் பூ பாதியில் நிற்க வேண்டும், மீதிப் பாதி அடுத்த துண்டில்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பாவில் நெய்வதால் இரு துண்டிலும் கரை ஒரே பக்கம் விழும். ஒன்றைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பினால்தான் அது மறுபக்கம் போகும். புரட்டிப் போட்டால் போகாதா என்றால், போகும். ஆனால் பின்புறத்தில் அடர்ந்த இடம் வெளிறியும் வெளிறிய இடம் அடர்ந்தும் தெரியும். ஆகவே துண்டு கோலத்தின் எந்தப் புள்ளியில் தொடங்கியதோ, கண்ணாடிப் பிம்பம்போல் அதே புள்ளியில் முடிய வேண்டும். கால்மாட்டில் மட்டும் கரை வேண்டுமென்றால் முதல் துண்டைக் கரையில் தொடங்குங்கள், இரண்டாவதைக் கரையில் முடியுங்கள்.

பாவு இழைகளைச் சட்டங்களில் கோர்ப்பதற்கு விதி ஒன்றே. ஒற்றைப்படைச் சட்டத்து இழைக்கு அடுத்து இரட்டைப்படைச் சட்டத்து இழைதான். 1-2, 2-3, 3-4, 4-1 என்று சட்ட இணை மாறி, கோலத்தின் கட்டம் மாறும்போதும் இது தவறக் கூடாது. 1-க்குப் பக்கத்தில் 3 வந்துவிட்டால் வெற்று நெசவில் இரண்டும் ஒன்றாகவே எழும். விரிப்பின் முழு நீளத்துக்கும் ஒரு தழும்பு விழும். ஒரு பூ கோர்த்ததும் எண்ணிப் பார்த்து, முடிச்சிட்டு, அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் கட்டியபின் 1-3, 2-4 சட்டங்களை மாற்றி மாற்றி மிதித்து இரண்டங்குலம் வெற்றாக நெய்தால் மிச்சத் தவறும் தெரிந்துவிடும்.

நூலில், கோல ஊடை பாவு நூலைவிட ஏறக்குறைய இருமடங்கு கனமாகவும் முறுக்குக் குறைந்தும் இருக்கட்டும். நிறம் வேறாக இருப்பது மட்டும் போதாது. கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கோலம் கரைந்துபோகும். ஊடை தாவும் நீளத்தையும் கவனியுங்கள். அங்குலத்துக்கு 24 இழை உள்ள பாவில் 12 இழையைத் தாண்டினாலே அரை அங்குலம் மிதக்கும். அதற்குமேல் போனால் தூங்குகிறவரின் கால் விரல் மாட்டும்.

ஒவ்வொரு கோல ஊடைக்குப் பின்னும் ஒரு வெற்று நெசவு ஊடை, அதற்குத் தனி நாடா. நடுவில் எழுந்து போய்த் திரும்பினால் அடுத்தது 1-3-ஆ, 2-4-ஆ? நினைவை நம்ப வேண்டாம். வெற்று நாடா இடப்பக்கம் கிடந்தால் 1-3, வலப்பக்கம் கிடந்தால் 2-4 என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால் நாடாவே சொல்லிவிடும்.

கடைசியில் மிஞ்சுவது, ஊடையை இறுக்கும் அடி. கட்டங்கள் படியேறும் மூலைவிட்டக் கோடு 45 டிகிரியில் போக வேண்டும். அடி மெலிந்தால் கோலத்துச் சக்கரம் நீண்டு முட்டையாகும், மிஞ்சினால் நசுங்கும். கோபமான நாளில் நெய்த பூ குட்டையாகவே இருக்கும், இது என் அனுபவம். இழுத்து விறைத்து நிற்கும் பாவின்மேல் அளவுநாடா வைத்து ஏமாறாதீர்கள். தளர்த்திவிட்டு அளக்க வேண்டும். முதல் துண்டின் ஒவ்வொரு பூவும் முடியும் இடத்தை ஒரு ரிப்பனில் குறித்து, இரண்டாவதை நெய்யும்போது ஓரத்தில் ஊசியால் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். கால் அங்குல வித்தியாசத்தைத் தையலில் இழுத்து மறைக்கலாம். என் முதல் விரிப்பில் மூன்று அங்குலம் இடித்தது. இரண்டு பாதியும் இன்று இரண்டு ஜன்னல்களில் திரையாகத் தொங்குகின்றன.