ஹகியின் சாமுராய் தெருக்களை எப்படிப் பார்ப்பது

ஜப்பானில் கோட்டை நகரம் என்றதும் பலரும் ஹிமேஜியின் வெள்ளைக் கோபுரத்தைத் தேடிப் போகிறார்கள். சாமுராய் என்ற போர்வீரர் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்று அறிய விரும்புகிறவரை நான் ஹகிக்குத்தான் அனுப்புவேன். யமகுச்சி மாநிலத்தின் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் சிற்றூர் இது. இதன் கோட்டைக் கோபுரத்தை 1874-இலேயே இடித்துவிட்டார்கள். தெருக்கள் மட்டும் அன்று போட்ட தடத்திலேயே கிடக்கின்றன. எடோ காலத்து (1603–1868, ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட காலம்) வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றும் வழி கண்டுபிடிக்கலாம்.

ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஷின்-யமகுச்சி வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கடலோர ரயில் பாதை அழகானதுதான், ஆனால் வண்டிகள் மிகக் குறைவு. ஊருக்குள் வந்ததும் மெய்ரின் ககுஷாவுக்குப் போய் வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். சாமுராய் பிள்ளைகளின் பள்ளி இருந்த இடம் அது. இப்போது அங்கே நிற்பது 1935-இல் கட்டிய நீண்ட மரக் கட்டடம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே அமைந்த ஊர் என்பதால் எங்கும் சமதரை. வாடகை சைக்கிள் ஒன்று போதும்.

இவ்வளவு ஒதுக்குப்புறத்தில் ஏன் கோட்டை கட்டினார்கள்? மேற்கு ஜப்பானை ஆண்ட பிரபு மோரி தெருமோட்டோ, நாட்டின் ஆட்சி யாருக்கு என்று தீர்மானித்த 1600-இன் செகிகஹாரா போரில் தோற்ற அணியில் இருந்தவர். நிலத்தில் பெரும்பகுதியைப் பறிகொடுத்துவிட்டு, 1604-இல் இந்தக் கடலோரத்தில் கோட்டை எழுப்பத் தொடங்கினார். தோற்றவனின் எச்சரிக்கை தெருக்களிலேயே தெரியும். ஹொரியுச்சி, ஹியகோ பகுதிகளில் உயரமான மண்சுவர்களுக்கு நடுவே செல்லும் வழி திடீரென்று செங்கோணத்தில் திரும்பும், மறுபடியும் திரும்பும். உள்ளே நுழைந்த எதிரிக்கு அடுத்த பத்தடியில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. இங்கே சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சுவரைக் கிட்டத்தில் பார்த்தால் மண்ணோடு ஓடுகளை வரிசை வரிசையாகப் பதித்திருப்பது தெரியும்.

அந்தச் சுவர்களுக்கு மேலே ஆரஞ்சு மரங்கள் தலைநீட்டும். ஹகியில் என் மனத்தை மிகவும் தொடுவது இவைதான். 1868-இல் ஷோகன் ஆட்சி போய், பேரரசர் பெயரிலான மெய்ஜி ஆட்சி வந்ததும் சாமுராய்களின் பரம்பரை மானியம் நின்றுபோனது. 1876-இல் இந்த ஊரில் கலகமே வெடித்தது. அதே ஆண்டில் ஒபாடா தகமசா என்ற முன்னாள் சாமுராய், பிழைப்பிழந்த குடும்பங்களுக்காக நட்சுமிகன் என்ற கோடை ஆரஞ்சுக் கன்றுகளைப் பரப்பத் தொடங்கினார். வாள் பிடித்தவர்களின் வீட்டு முற்றங்கள் தோட்டங்களாயின. காவலுக்கு எழுப்பிய சுவர்கள் மரங்களுக்குக் காற்றுத் தடுப்பாயின. முடிந்தால் மே மாதத்தில் போங்கள். பூவின் மணம் தெரு முழுவதும் நிறைந்திருக்கும்.

கிகுயா சந்தில், ஷோகன் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட தகசுகி ஷின்சகு பிறந்த வீடும், அடுத்துள்ள எடோயா சந்தில் கிடோ தகயோஷியின் வீடும் இருக்கின்றன. நேரம் குறைவென்றால் கிடோ வீட்டைத் தேர்ந்தெடுங்கள். மெய்ஜி ஆட்சியைக் கொண்டுவந்த முதன்மைத் தலைவர்களில் ஒருவரான அவர் 1833-இல் இங்கே ஒரு மருத்துவர் மகனாகப் பிறந்தார். சிறுவனாக அவர் தூரிகையால் எழுதிய எழுத்தும், அதற்கு ஆசிரியர் தந்த பாராட்டும் அங்கே இருக்கின்றன.

கோட்டை வளாகத்தில் அகழியும் கல் அடித்தளமும்தான் மிச்சம். அரை மணி நேரம் போதும். மிச்ச நேரத்தை ஆற்றுக்கு அப்பாலுள்ள ஷோகா சொன்ஜுகுவுக்குக் கொடுங்கள். 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்தப் பள்ளியின் முதல் வகுப்பறை எட்டுப் பாய் விரிக்கும் அளவே. இங்கே பாடம் சொன்ன யோஷிதா ஷோயினை, ஷோகன் ஆட்சியை எதிர்த்ததற்காக 1859-இல், 29 வயதில், எடோவில் (இன்றைய டோக்கியோ) தலைவெட்டிக் கொன்றார்கள். அவரிடம் படித்த இதோ ஹிரோபுமி 1885-இல் ஜப்பானின் முதல் பிரதமரானார். அறைக்குள் போக அனுமதியில்லை. வெளியிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.

அங்கிருந்து தோகோ-ஜி கோயில் பக்கம்தான். மோரி பிரபுக்களின் கல்லறைகளுக்கு முன்னால், அவர்களுடைய ஆட்கள் காணிக்கையாக வைத்த சுமார் 500 கல்விளக்குகள் வரிசையாக நிற்கின்றன. ஆகஸ்ட் 15 இரவில் அவற்றை ஏற்றுகிறார்கள். அன்று தங்க நினைத்தால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

இது மீன்பிடி ஊர். காய்கறி சூப்பிலும் மீன் கலந்திருக்கக்கூடும். சைவர்கள் கையோடு ஏதாவது கொண்டுபோவது நல்லது. திரும்பும் பஸ்ஸின் நேரத்தை, காலையில் இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.